தார்ப்பாய் தண்ணீர் குடித்தால், திரை சூடு விட்டால்: பூச்சின் மேல் பழி போடும் முன்

போன ஐப்பசியில் ஏற்காட்டிலிருந்து ஒரு எஸ்டேட் ரைட்டர் (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) இரண்டு கேன்வாஸ் தார்ப்பாய்களை ஜீப்பில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி என் கடைக்கு வந்தார். "பூச்சு பூராவும் போயிருச்சுங்கண்ணா, மறுபடி அடிச்சுக் குடுத்துருங்க" என்றார். ஒரு டம்ளர் தண்ணீரைத் துணியின் நடுவில் ஊற்றினேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிவிட்டது. பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத் தையலில் நூல் இற்றுப்போய் ஊசித் துளைகள் வாய் பிளந்து கிடந்தன. கேட்டபடி பூச்சு அடித்துக் கொடுத்திருந்தால் எனக்கு நல்ல கூலி கிடைத்திருக்கும். அவருக்கு அடுத்த மழையிலும் அதே ஒழுகல்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தார்ப்பாய் தைப்பதும் பூச்சு அடிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். "பூச்சு கெட்டுப்போச்சு" என்று வரும் துணிகளில் பாதிக்கு மேல் பூச்சு நன்றாகவே இருக்கும். அதற்கு அடியில் ஏதோ மாட்டியிருக்கும், இல்லையென்றால் மேலே ஏதோ படிந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் பூச்சால் முடியாத வேலையை அதன் தலையில் கட்டியிருப்பார்கள். அழுக்கின் மேல் மறுபூச்சு அடிப்பதைப் போல வீண் செலவு இந்தத் தொழிலில் வேறில்லை. அதனால் குறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழியை எழுதுகிறேன்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை

துணியின் சுத்தமான பக்கத்தில் வாய் வைத்து ஊதுங்கள். காற்று அந்தப் பக்கம் போனால் அது நூலுக்கு ஏற்றிய நீர்விலக்கு. ஒவ்வொரு இழையும் தண்ணீரைத் தள்ளும், ஆனால் இழைகளுக்கு நடுவே சந்து திறந்தே இருக்கும். காற்று போகவில்லை என்றால் அது படலப் பூச்சு, அதாவது துணி மேல் பியு (பாலியூரிதேன்), பிவிசி, அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு தோல் போர்த்தியது. இந்த இரண்டின் நோயும் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரிக்காமல் கடையில் ஸ்ப்ரே வாங்கி அடிப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது சொட்டுச் சோதனை. நடுவில் ஒன்று, மடிப்பில் ஒன்று, தையல் மேல் ஒன்று என மூன்று சொட்டு விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். எந்த இடத்துச் சொட்டு பரவுகிறது என்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

இன்னும் கறாராகப் பார்க்க ஆய்வுக்கூட முறை ஒன்று உண்டு. ஏ.ஏ.டி.சி.சி. 22 என்றும் ஐ.எஸ்.ஓ. 4920 என்றும் சொல்லும் தூறல் சோதனை அது. 45 டிகிரி சாய்த்துக் கட்டிய துணியின் மேல் 15 செ.மீ. உயரத்திலிருந்து 250 மி.லி. தண்ணீரைத் தூறலாக விழவிடுவார்கள். மேல்பக்கம் எங்கும் நனையாவிட்டால் 100 மதிப்பெண், தூறல் விழுந்த புள்ளிகள் மட்டும் நனைந்தால் 80, மேல்பக்கம் முழுக்க நனைந்தால் 50, இரண்டு பக்கமும் ஊறினால் 0. எம்பிராய்டரி வளையத்தில் துணியை இறுக்கி, பூவாளித் தலையில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றினால் வீட்டிலேயே ஏறக்குறைய இதே சோதனை நடந்துவிடும். நான் அப்படித்தான் பார்க்கிறேன். 80-க்குக் கீழே போனால்தான் மறுபூச்சைப் பற்றி வாயையே திறப்பேன்.

"புதுத் துணி, முதல் நாளே தண்ணி குடிக்குது"

சேலத்துத் துணியில் இதற்கு முதல் சந்தேகம் கஞ்சி. தறியில் பாவு நூல் அறுந்து போகாமல் இருக்க மாவுக் கஞ்சி ஏற்றுவது வழக்கம். மரவள்ளி விளைந்து ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த ஊர் இது, கிழங்கு மாவுக்குப் பஞ்சமில்லை. மாவு தண்ணீரை விரும்பும் பொருள். அதைக் கழுவாமல் மேலே நீர்விலக்கு ஏற்றினால், நீர்விலக்கு நூலில் ஒட்டுவதற்குப் பதிலாகக் கஞ்சியில் ஒட்டும். முதல் மழையில் கஞ்சி ஊறி உப்பும்போது பூச்சையும் தூக்கிக்கொண்டு வரும்.

மருந்துக் கடையில் விற்கும் அயோடின் கரைசலில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் வெளிறக் கலந்து, துணியின் ஓரத்து நூலைப் பிரித்து அதன் மேல் விடுங்கள். பழுப்பாகவே இருந்தால் கஞ்சி இல்லை. கருநீலமாக மாறினால் கஞ்சி இருக்கிறது. பூச்சுக்கு முன்னால் கண்டுபிடித்தால் தீர்வு எளிது. அமைலேஸ் என்சைம் குளியலில் கஞ்சியை எடுத்து, வெந்நீரில் அலசி, மறுபடி அயோடின் சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம். பூச்சு ஏறிய பிறகு தெரிந்தால் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் நன்றாக அலசிக் காயவைத்து மறுபூச்சு போடலாம். ஆனால் முதல் முறையே சரியாகச் செய்த துணியின் ஆயுள் அதற்கு வராது.

அயோடின் நிறம் மாறவில்லையா? அப்படியானால் துணியை வெளுக்கும்போது போட்ட சலவை மருந்து மிச்சம் நிற்கலாம். துணி சீக்கிரம் நனையட்டும் என்று சேர்க்கிற பொருள் அது. சரியாக அலசாவிட்டால் பூச்சுக்கு அடியிலிருந்து தன் வேலையைத் தொடர்ந்து பார்க்கும். ஒரு கைத் துண்டை வெட்டிக் கண்ணாடி பாட்டிலில் சுத்தமான தண்ணீரோடு போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் அதுதான் காரணம். காரமும் மிச்சம் இருக்கக்கூடும். பெரும்பாலான நீர்விலக்கு மருந்துகள் பி.எச். 4 முதல் 5 வரையிலான லேசான புளிப்பில்தான் நன்றாக ஏறும். பட்டறைகளில் அசிட்டிக் அமிலம் கொஞ்சம் சேர்ப்பது இதற்காகத்தான்.

மூன்றாவது காரணம், கூலிக்குப் பூச்சு ஏற்றித் தரும் இடங்களில் நடப்பது: வேகாத பூச்சு. துணியை மருந்தில் முக்கி, உருளையில் பிழிந்து, 110–130 டிகிரியில் உலர்த்தி, பிறகு 150–170 டிகிரியில் வேகவைக்க வேண்டும். மருந்தையும் துணியையும் பொறுத்து 1 முதல் 3 நிமிடம் பிடிக்கும். துணியை விரித்துப் பிடித்துச் சூட்டு அறைகள் வழியே ஓட்டும் ஸ்டென்டர் எந்திரத்தின் டயல் 160 என்று காட்டும். அது அறைக் காற்றின் சூடு. கனமான கேன்வாஸ் அந்தச் சூட்டை எட்டுவதற்குள் அறையை விட்டு வெளியே வந்திருக்கும். கணக்கைப் பாருங்கள். மூன்று அறை, ஒவ்வொன்றும் 3 மீட்டர், மொத்தம் 9 மீட்டர். ஆர்டர் குவிந்துவிட்டது என்று நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓட்டினால் துணி உள்ளே இருப்பது 18 வினாடி. ஒரு நிமிடமாவது உள்ளே இருக்க வேண்டுமானால் 9 மீட்டர் வேகத்துக்கு இறக்க வேண்டும், அதிலும் முதல் பகுதி துணி சூடேறுவதற்கே போய்விடும். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் கூலி ஏறும் என்பார்கள். ஏறட்டும்.

வேகாத பூச்சைக் கண்டுபிடிக்க ஒரு இஸ்திரிப் பெட்டி போதும். ஒரு மூலையில் மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து, அந்தத் துணி தாங்கும் சூட்டில் அரை நிமிடம் அழுத்தி, ஆறவிட்டுச் சொட்டு வையுங்கள். இஸ்திரி போட்ட இடத்தில் முத்தாக நின்று பக்கத்தில் பரவினால், மருந்தில் குறையில்லை, வேகவைத்ததில்தான் குறை. முழுத் துணியையும் திருப்பி அனுப்பி வேகவைக்கச் சொல்லலாம். கைவசம் இந்த மூலை இருந்தால் வாதாடவே வேண்டாம், காட்டினால் போதும்.

நடுவில் நன்றாக இருந்து இரண்டு ஓரமும் மட்டும் குடித்தால், பிழியும் உருளையின் அழுத்தம் ஒரே மாதிரி இல்லை என்று பொருள். அது பட்டறைக்காரர் பார்க்க வேண்டியது. நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு, துவைச்சதும் போச்சு"

மழைக்கோட்டு, பைக் கவர், குழந்தை வண்டி மேல்துணி எல்லாம் இந்தப் புகாரோடுதான் வரும். துவைத்ததால் பூச்சு கரைந்துபோனது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் கரைந்திருக்காது.

நீர்விலக்கு மருந்தின் மூலக்கூறுகளுக்கு மெல்லிய வால்கள் உண்டு. நூலின் மேல் அவை நிமிர்ந்து நெருக்கமாக நின்றால் தண்ணீருக்குப் பிடிமானம் கிடைக்காது. துவைத்துப் பிழிந்து கசக்கினால், காற்றடித்துச் சாய்ந்த நெல் வயல் மாதிரி அவை படுத்துவிடும். மிதமான சூடு காட்டினால் மறுபடி எழும். ஃபுளூரின் வகைப் பூச்சுகளில் இது கண்கூடாகத் தெரியும். ஆகவே முதல் சிகிச்சை, நன்றாகக் காயவைத்து, துணி மேல் துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி. நைலான், பாலியஸ்டர் துணிகளில் சூட்டை ஏற்றிவிடாதீர்கள். சும்மா கிடந்த துணியைச் சுருக்கிவிட்டு என்னிடம் கொண்டு வந்தவர்கள் உண்டு.

இஸ்திரிக்கும் எழவில்லை என்றால் மேலே ஏதோ படிந்திருக்கிறது. சேலத்தில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வாளியின் ஓரத்தில் வெள்ளைப் படிவு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டுத் துவைத்தால், சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். சலவைத் தூளின் மிச்சமோ தண்ணீரைக் கை நீட்டி உள்ளே அழைக்கும். எல்லாவற்றையும் விட மோசம், கடைசி அலசலில் வாசனைக்காக ஊற்றும் மென்மைத் திரவம். துணியின் மேல் ஒரு வழவழப்பான ஏடு படியவிடுவதுதான் அதன் வேலையே. நீர்விலக்குத் துணிக்கு அதை ஊற்றவே கூடாது.

அலசுங்கள். மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ இருந்தால் நல்லது. மூன்று முறை வெறும் தண்ணீர், நான்காவது முறை ஒரு வாளிக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர், பிறகு மறுபடி வெறும் தண்ணீர். நிழலில் காயவைத்து இஸ்திரி. பத்துக் கோட்டில் சில கோட்டுகள் இதிலேயே பிழைத்துவிடும்.

பிழைக்காதவற்றுக்கு மறுபூச்சு. எதை வாங்குவது என்று கேட்பார்கள். மெழுகு வகை, சிலிக்கான் வகை, ஃபுளூரின் வகை என்று மூன்று குடும்பம். ஃபுளூரின் வகை மட்டுமே தண்ணீரோடு எண்ணெயையும் தள்ளும். ஆனால் சி8 எனப்பட்ட பழைய ஃபுளூரின் மருந்துகளோடு தொடர்புள்ள பி.எஃப்.ஓ.ஏ. என்ற பொருள் மண்ணிலும் நீரிலும் உடம்பிலும் சிதையாமல் தங்குவதால், 2019-இல் உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிட்டது. லாரித் தார்ப்பாய்க்கும் களத்துப் படுதாவுக்கும் எண்ணெயைத் தள்ளும் பூச்சு அவசியமே இல்லை என்பது என் எண்ணம். மெழுகு போதும். பழசானால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. சிலிக்கான் ஸ்ப்ரே அடித்த துணி மேல் வேறு எந்தப் பூச்சும், பசையும், தையல் நாடாவும் ஒட்டாது. "சும்மா ஒரு தடவை சிலிக்கான் அடிச்சுப் பார்த்தேன்" என்று வரும் தார்ப்பாயை நான் பழுது பார்க்க எடுப்பதில்லை.

படலம் இல்லாத வெறும் பருத்தித் துணிக்கு வீட்டிலேயே செய்யும் பழைய முறை ஒன்று உண்டு. ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 50 கிராம் சோப்பைச் சீவிக் கரைத்து, துணியை ஊறவைத்துப் பிழிந்து, அரைகுறையாகக் காயவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் அதே அளவு படிகாரம் கரைத்து அதில் முக்குங்கள். சோப்பும் படிகாரமும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத அலுமினியச் சோப்பாக நூலுக்குள்ளேயே உறைந்துவிடும். கடைசியில் ஒரு முறை அலசிக் காயவைக்க வேண்டும், படிகாரத்தின் புளிப்பு துணியில் நின்றால் நூல் நாளடைவில் இற்றுப்போகும். சோப்புக் குளியலுக்கு மழைத் தண்ணீர்தான் வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு வாளியிலேயே திரிந்து போகும். இந்தப் பூச்சு துவைத்தால் நிற்காது, ஒரு மழைக்காலம் தாங்கும். மிச்சக் குளியல் நீரைச் சாக்கடையில் கொட்டும்போது அது கடைசியில் திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது தெளிந்த நீர்தான்.

"தண்ணி முத்தா நிக்குது, ஆனா உள்ளே ஒழுகுது"

ரைட்டரின் தார்ப்பாய் இந்த ரகம். முதலில் தையல். வெயிலான நாளில் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்து அண்ணாந்து பாருங்கள். தையல் வரிசையில் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் வழி அதுதான். மடிப்பு வரிசையிலும் பாருங்கள். படலப் பூச்சு எப்போதும் ஒரே மடிப்பில் வைத்தால் அங்கேதான் முதலில் வெடிக்கும்.

வெறும் பாலியஸ்டர் நூலில் தைத்தால் ஊசித் துளை துளையாகவே நிற்கும். நடுவில் பாலியஸ்டரும் மேலே பருத்தியும் சுற்றிய நூல் கிடைக்கிறது. நனைந்ததும் பருத்தி உப்பி துளையை அடைத்துவிடும். மழுங்கிய ஊசி துணியைக் கிழித்துக்கொண்டு இறங்கும், தையலை ரொம்ப நெருக்கிப் போட்டால் தபால்தலைக் கிழிசல் மாதிரி ஆகிவிடும். இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். தைத்த பிறகு மெழுகைத் தேய்த்து, இளஞ்சூட்டு இஸ்திரியில் உருகி இறங்கவிட வேண்டும். படலத் துணி என்றால் தையல் மேல் ஒட்டும் நாடாவே சிறந்தது.

தையலும் மடிப்பும் சரியாக இருந்தும் ஒழுகினால், மேலே தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். காற்று போகும் நீர்விலக்குத் துணி, ஓடுகிற மழையைத் தாங்கும், தேங்குகிற குளத்தைத் தாங்காது. தார்ப்பாய் நடுவில் தொங்கி ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அந்த எடை சந்து சந்தாகத் தண்ணீரைத் துணிக்குள் பிதுக்கிவிடும். எந்த மருந்தாலும் இதை நிறுத்த முடியாது. நடுவில் ஒரு மூங்கிலை நிறுத்திச் சரிவு கொடுங்கள். கேன்வாஸ் கூடாரத்தில் மழை பெய்யும்போது உள்பக்கத்தைக் கையாலோ மூட்டையாலோ தொடாதீர்கள். தொட்ட இடத்தில் நீர் இறங்கத் தொடங்கும், பிறகு நிற்காது.

"ஒழுகல, ஆனா விடிஞ்சா உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு"

கீழே சேலத்தில் இந்தப் புகார் அபூர்வம், மலையில் சாதாரணம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவில் தார்ப்பாய் சில்லிட்டுவிடும். உள்ளே இருப்பதோ ஈரக் காற்று: ஆட்களின் மூச்சு, தரையின் ஈரம், மூடி வைத்த காப்பிக் கொட்டையின் ஈரம். குளிர்ந்த துணியில் பட்டதும் அது நீராகி வடிகிறது. கொதிக்கிற சோற்றுப் பானையின் தட்டைத் திருப்பிப் பார்த்தால் இருக்கிற நீர்தான் இது.

பிரித்துப் பார்க்க ஒரு பாலிதீன் சதுரத்தை உள்பக்கத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் உங்களைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் உள்ளேயிருந்து வந்த ஈரம். பாலிதீனுக்கும் துணிக்கும் நடுவே நனைந்திருந்தால் வெளியிலிருந்து வந்த ஒழுகல். உள் ஈரத்துக்குப் பூச்சு மருந்தாகாது. அடர்த்தியான பூச்சு போட்டால் இன்னும் அதிகமாகத்தான் வடியும்.

காப்பிக் களத்தில் இது பெரிய நஷ்டம். பழமோ பருப்போ 10–12 சதவீத ஈரத்துக்குக் காய்ந்து இறங்க வேண்டும். பகலில் காய்ந்ததை இரவுப் பனிக்குப் பயந்து படுதாவால் இறுக்கி மூடினால், குவியலின் ஈரமே மேலேறி, படுதாவில் நீராகி, மறுபடி காப்பியின் மேலேயே விழும். பூஞ்சை வாடை வரும். குவியலைத் தொடாமல் மூங்கில் வளைவு வைத்துப் படுதாவைத் தூக்கிக் கட்டி, இரண்டு முனையிலும் ஒரு கை அகலம் காற்று விடுங்கள். சிலர் குவியல் மேல் சாக்குப் போட்டு அதற்கு மேல் படுதா கட்டுகிறார்கள். சொட்டுவதைச் சாக்கு வாங்கிக்கொள்ளும். நல்ல யோசனைதான், ஆனால் காலையில் சாக்கை எடுத்துக் காயவைக்க மறக்கக் கூடாது.

"வெப்பத் தடைத் துணின்னு வாங்கினேன், உள்ளே அதே புழுக்கம்"

இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி பக்கத்துத் தறிக்கூடங்களில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே பூச்சுத் துணி கட்டும் வழக்கம் பரவி வருகிறது. சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர், ஆளுக்கும் கஷ்டம், காற்று வறண்டால் பாவு நூலும் மொறுமொறுவென்று அறுபடும். கட்டியும் பலன் தெரியவில்லை என்று வருகிறார்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், இந்தச் சரக்கில் ஏமாற்று அதிகம்.

வெப்பத்தைத் தடுக்கும் துணி இரண்டு வழியில் வேலை செய்யும். ஒன்று, கதிராக வரும் சூட்டைத் திருப்புவது; வெள்ளைப் பூச்சும் அலுமினியப் பூச்சும் இந்த வகை. மற்றொன்று, துணி வழியே சூடு கடப்பதைத் தாமதப்படுத்துவது. நுரைப் பூச்சு, கண்ணாடிக் குமிழி கலந்த பூச்சு, ஏரோஜெல் கலந்த பூச்சு இந்த வகை. இரண்டாவது வகைக்குக் கனம், அதாவது தடிமன், வேண்டும். ஏரோஜெல் 1931-இல் சாமுவேல் கிஸ்ட்லர் என்ற அமெரிக்கர் முதலில் செய்து காட்டிய, பெரும்பகுதி காற்றாலேயே ஆன லேசான திடப் பொருள். திடப் பொருள்களிலேயே சூட்டை மிகக் குறைவாகக் கடத்துவது அதுதான் என்று சொல்லும் அளவுக்குக் கெட்டிக்காரப் பொருள். அதன் கடத்துதிறன் ஒரு மீட்டர் கெல்வினுக்கு 0.02 வாட் அளவு, அசையாத காற்றுக்கு 0.026. அரை மில்லிமீட்டர் சுத்த ஏரோஜெல்லைத் துணியில் ஏற்றினாலும், அது தடுக்கும் சூடு 0.65 மில்லிமீட்டர் அசையாத காற்று தடுக்கும் சூட்டுக்குச் சமம். கடையில் வரும் பூச்சில் ஏரோஜெல்லோடு பசையும் கலந்திருக்கும், இன்னும் குறைவு. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள ஏரோஜெல் போர்வை நிஜமாகவே வேலை செய்யும். பெயிண்ட் கனத்தில் பூசி "விண்வெளித் தொழில்நுட்பம்" என்று விற்றால் காசைப் பையிலேயே வையுங்கள்.

அலுமினியப் பூச்சுத் துணியில் பார்க்க வேண்டியவை வேறு. ஷீட்டை ஒட்டிக் கட்டியிருந்தால் சூடு நேராகக் கடந்து வரும், பளபளப்புக்கு வேலையே இல்லை. ஷீட்டுக்கும் துணிக்கும் நடுவே ஒரு சாணாவது இடைவெளி விட்டு, உச்சியில் சூட்டுக் காற்று வெளியேற வழி வைக்க வேண்டும். அடுத்தது, பளபளப்பு எந்தப் பக்கம்? மேலே பார்த்துக் கட்டினால் தறிக்கூடத்துப் பஞ்சும் தூசியும் படிந்து சில மாதத்தில் மங்கிவிடும். கீழே பார்த்துக் கட்டுங்கள். துணி சூடானாலும் பளபளப்பான முகம் கதிராகக் கீழே விடும் சூடு குறைவு, தூசியும் தங்காது. பலர் நம்ப மாட்டார்கள், பாதிக் கூடத்தில் ஒரு விதமாகவும் மீதியில் மறு விதமாகவும் கட்டிப் பாருங்கள்.

எல்லா வெள்ளிநிறமும் ஒன்றல்ல. அதே சூட்டில் உள்ள கறுப்புப் பரப்பு கதிராக விடுவது நூறு பங்கு என்றால், சுத்தமான அலுமினியத் தகடு ஐந்து பங்குக்கு மேல் விடாது. அலுமினியத் தூள் கலந்த பெயிண்ட் பூச்சோ முப்பது, நாற்பது, ஐம்பது பங்கு வரை விட்டுவிடும். கண்ணுக்கு இரண்டும் வெள்ளிதான்.

சூடு பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரை நீட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். பளபளப்பான பரப்பில் அது பொய் சொல்லும், நிஜச் சூட்டை விடக் குறைத்தே காட்டும். விற்பவர் "பாருங்க, எவ்வளவு குளுமை" என்று காட்டுவது இதை வைத்துத்தான். துணியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, இரண்டு நிமிடம் கழித்து டேப்பின் மேல் குறி வையுங்கள்.

வீட்டு ஜன்னல் திரை என்றால், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் திரையில் படுகிறது. வெள்ளைப் பக்கம் கண்ணாடியைப் பார்த்திருந்தால் ஒரு பகுதி திரும்பிப் போகும். வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால் அதைவிட அதிகமாகக் குறையும், விலையும் குறைவு.

"கையுறை போட்டும் சுடுது"

நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறெதையும் அதற்கு முன் பார்க்க வேண்டாம். துணி சூட்டைத் தடுப்பது நூலாலல்ல, நூலுக்கு நடுவே சிக்கிய காற்றால். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் சூடு இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடக்கும். தண்ணீரின் கடத்துதிறன் 0.6, காற்றின் கணக்கை மேலே சொன்னேன். அடுப்பிலிருந்து அண்டாவை ஈரப் பிடிதுணியால் இறக்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஜவ்வரிசி வறுக்கும் தட்டின் முன் நிற்பவர்களும் கொலுசுப் பட்டறையில் உருக்குபவர்களும் ஆளுக்கு இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, நனைந்ததைக் காயப்போட்டு மற்றதை எடுப்பதே வழி.

வெளிப்பக்கம் நீர்விலக்கு ஏற்றிய கையுறை உதவும். அதற்காகப் பழைய கையுறையில் மெழுகு தேய்த்துவிடாதீர்கள். பாரஃபின் மெழுகு 50–60 டிகிரியிலேயே உருகிவிடும், தீப் பக்கம் போனால் பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஊறிய கையுறையும் அப்படித்தான். துவைத்தும் எண்ணெய் போகவில்லை என்றால் தூக்கி எறியுங்கள்.

"பிசுபிசுன்னு ஒட்டுது, செதில் செதிலா உரியுது"

மழைக்கோட்டின் உள்பக்கம் பிசுபிசுத்தால் பியு படலம் ஈரத்தில் சிதைந்துவிட்டது. இதற்கு வைத்தியமில்லை, மேலே எதைப் பூசினாலும் அதையும் சேர்த்து உரியும். பிவிசி தார்ப்பாய் விறைத்து வெடித்தால் அதன் நெகிழ்வுக்குக் கலந்த எண்ணெய் வெளியேறிவிட்டது, ஒட்டுப் போட்டு ஒரு வருடம் ஓட்டலாம். நுரை பூசிய திரைச்சீலை தன்மேலேயே ஒட்டிக்கொண்டால், ஈரத்தோடு மடித்துச் சூடான பரணில் வைத்ததே காரணம். இழுக்காதீர்கள், நுரை பிய்ந்து வரும். நிழலில் ஆறவிட்டு, முகப்பவுடர் தூவி மெல்லப் பிரியுங்கள். படலத் துணி எதையும் மடிப்பதைவிடச் சுருட்டி வைப்பது மேல்.

"கரும்புள்ளி விழுந்து நாறுது"

பூஞ்சை. பருத்திக் கேன்வாஸை ஈரத்தோடு சுருட்டியதால் வந்தது. கஞ்சி மிச்சம் இருந்தால் அதற்கு விருந்தே வைத்த மாதிரி. வெயிலில் விரித்து, காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் புள்ளி போகலாம், பூச்சும் நூலும் கூடவே போகும். புள்ளி விழுந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கிழிந்தால் அந்தப் பாகத்தை வெட்டி எடுத்துப் புதுத் துணி வைத்துத் தைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பழுது பார்க்கக் கொண்டு வருபவர்கள் மரியாதைக்காகத் துவைத்துக் கொண்டு வருகிறார்கள். வேண்டாம். அழுக்கோடு, ஒழுகின இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அப்படியே கொண்டு வாருங்கள். துவைத்துவிட்டால் எது அடியில் இருந்தது, எது மேலே படிந்தது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.